அழுதால்தான் மூச்சு

என் மகள் பிறந்ததும் வீறிட்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் அழுகை ஓய்ந்தது, உதடு நீலம் பாய்ந்தது. மறுபடி அழுதால் உடம்பு சிவந்துவிடும். பால் கொடுத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திணறி வாயை எடுத்துவிடுவாள். "அழ விடாதடி, தட்டிக் கொடு" என்றார் அம்மா. நானும் தட்டித் தட்டி அடக்கினேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அந்த அழுகையால்தான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பச்சைக் குழந்தைகள் முதல் சில வாரங்கள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுமாம். வாய் மூடியிருக்கும்போது மூக்கிலும் வழி இல்லையென்றால் திணறல்தான். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதச் சொன்னார் பெரியம்மா. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும் என்று நர்ஸ் தடுத்துவிட்டார். அவர்தான் நிறம் மாறுவதைக் கவனித்து டாக்டரைக் கூப்பிட்டவர்.

டாக்டர் மெல்லிய டியூப் ஒன்றை மூக்கில் செலுத்தினார். கொஞ்ச தூரம் போய் முட்டி நின்றது. அடுத்த துவாரத்திலும் அப்படியே. மூக்கின் பின்வாசல் இரண்டு பக்கமும் திறக்கவே இல்லை. இதற்கு 'கோவேனல் அட்ரீசியா' என்று பெயர். உடனே வாயில் சின்ன பிளாஸ்டிக் குழாய் வைத்து ஒட்டினார்கள். நிறம் திரும்பியது. நான் பீய்ச்சிக் கொடுத்த பால், வாய் வழியாக வயிற்றுக்குப் போட்ட டியூபில் இறங்கியது.

சி.டி. ஸ்கேனில் அடைப்பு பாதி எலும்பு, பாதி சவ்வு என்று தெரிந்தது. இதோடு வேறு பிறவிக் குறைகளும் சேர்ந்து வரலாம் என்பதால் இதயம், கண், காது எல்லாம் பார்த்தார்கள். எங்கள் நல்ல நேரம், எதுவும் இல்லை. ஆறாம் நாள், முகத்தில் எங்கும் கீறாமல், மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் விட்டுத் திறந்தார்கள்.

அப்புறம்தான் பெரிய வேலை. திறந்த வழி மறுபடி சுருங்கலாம் என்பதால் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். அது சளியால் அடைபடாமல் உப்புத் தண்ணீர்ச் சொட்டு விட்டு உறிஞ்ச வேண்டும், ராத்திரி பகல் பார்க்காமல். உறிஞ்சும் மெஷினை இயக்க நர்ஸிடம் நன்றாகக் கற்றுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பிருந்தால் பல வருடம்கூடத் தெரியாமல் போகலாம், அந்தப் பக்கம் ஓயாமல் சளி ஒழுகும். சளிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் மாதம் லேசாகச் சுருங்கியிருந்தது, மறுபடி மயக்கம் கொடுத்து விரித்தார்கள். அன்று ராத்திரி வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் காற்று வந்தது.