ஒன்பதாவது வந்தால் போதும்

2024 அக்டோபர் 27, ஞாயிறு

ஸ்பெயினில் டாரகோனா தாண்டியாச்சு. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற ஏழு மீட்டர் வாடகை வண்டியை நான் ஓட்டுகிறேன் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. தம்பி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "அக்கா, வலது பக்கம் ஒட்டாதே" என்று முப்பது தடவை சொல்லிவிட்டான். ஏ.பி.-7 சாலையில் இப்போது சுங்கம் கிடையாது. ஆனாலும் அவனுக்கு பழைய என்-340தான் வேண்டுமாம், கடல் தெரியுமாம். எங்கே தெரிந்தது? ஆரஞ்சுத் தோப்புதான் தெரிந்தது.

வலென்சியா பக்கம் செஸ்தே டிராக்கில் இந்த வருஷத்தின் கடைசி மோட்டோ ஜிபி பைக் பந்தயம், அதற்கு இன்னும் மூன்று வாரம். டிக்கெட்டை என் ஹேண்ட்பேக்கில்தான் வைக்க வேண்டுமாம்.

அக்டோபர் 28

பெனிஸ்கோலா. கக்கூஸ் கேசட்டை, அதாவது கழிவு சேரும் பெட்டியை, முதல் முறையாகக் காலி செய்தேன். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 29

மழை. கோட்டை வரை நனைந்துகொண்டே போனோம். போப்பாண்டவர் பதவியிலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, ஊர் உலகமே கைவிட்ட பிறகும் இங்கேயே இருந்து 1423இல் செத்துப்போனாராம் ஒருவர். பாப்பா லூனா என்கிறார்கள். "கடைசி வரைக்கும் நான்தான் சாம்பியன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரா?" என்றான் தம்பி. நல்லா சிரித்தோம்.

ராத்திரி காற்றில் வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. அவன் தூங்கவில்லை. துணி மாட்டும் கிளிப்பை இடது கையால் அழுத்தி அழுத்திப் பார்க்கிற சத்தம் கேட்டது. நானும் தூங்குகிற மாதிரியே படுத்திருந்தேன்.

அக்டோபர் 30

காலையில் போனைத் திறந்ததும் தெரிந்தது. வலென்சியா பக்கம் சிவா என்கிற ஊரில் எட்டு மணி நேரத்தில் 491 மில்லிமீட்டர் மழை. கோயம்புத்தூரில் ஒரு வருஷத்துக்குப் பெய்வதில் பாதிக்கு மேல். சிவாவுக்கு அடுத்த ஊர்தான் செஸ்தே. பைபோர்தா என்கிற ஊரில் வெள்ளத்தில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. போன்களுக்கு எச்சரிக்கை போனது ராத்திரி 8:11க்கு. அதற்குள் பல தெருக்களில் தண்ணீர் வந்துவிட்டது. செத்தவர்கள் எண்ணிக்கை மணிக்கு ஒரு தடவை ஏறுகிறது.

நேற்றுச் சிரித்ததை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 31

தீபாவளி. அம்மா வீடியோவில் வந்தாள். "எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சீங்களா?" இந்த வண்டி பாய்லரில் பத்து லிட்டர் வெந்நீர்தான் வரும் என்று சொன்னால் அவளுக்கு எப்படிப் புரியும்? "குளிச்சோம்மா" என்றேன்.

பிறகு, "கையைக் காட்டச் சொல்லு அவனை" என்றாள்.

அவன் வலது கையைக் காட்டினான். விரலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேவலையே சாமி, நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 1

வலென்சியா பந்தயம் ரத்து. டிராக்குக்குப் போகிற சாலைகளே இல்லை. "நியாயம்தான்" என்றான். அரை மணி கழித்து, "அங்க சேறு வாரப் போலாமாக்கா?" பெரிய வண்டியோடு யாரும் வராதீர்கள், வழியை அடைக்காதீர்கள் என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொன்னேன். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லவில்லை. மண்வெட்டி பிடிக்க இரண்டு கை வேண்டும்.

நவம்பர் 3

எப்ரோ டெல்டா. அறுவடை முடிந்த வயல், சேறும் தண்ணீருமாக. ஆனைமலைப் பக்கம் வந்த மாதிரி இருந்தது. காலை 8 மணிக்கு மலேசியாவின் செபாங் பந்தயம், போனில். முதல் சில சுற்றுகளில், பட்டத்துக்குப் போட்டியிடும் மார்ட்டினும் பன்யாயாவும் மாறி மாறி முந்தியதில் இட்லி மாவு பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. பன்யாயா முதல், மார்ட்டின் இரண்டாவது. வருஷத்து மொத்தத்தில் மார்ட்டின் 24 புள்ளி முன்னால்.

இனி ஒரே ஒரு பந்தயம் பாக்கி. அது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

நவம்பர் 4

பார்சிலோனா விமான நிலையத்துக்குள்ளேயே தண்ணீராம். நாங்கள் நகரவில்லை.

நவம்பர் 6

பார்சிலோனாதான் என்று முடிவாகிவிட்டது. மோன்ட்மெலோ டிராக், 15 முதல் 17 வரை. தெற்கே வந்தவர்கள் வடக்கே திரும்புகிறோம். அவன் முகத்தில் பத்து நாளைக்குப் பிறகு வெளிச்சம்.

நவம்பர் 9

பூநாரைகள். கையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நவம்பர் 11

கடலோரம் நிறுத்தி, வெளியே இரண்டு நாற்காலி போட்டு டீ குடித்தோம். போலீஸ்காரர் ஒருவர் வந்து தன்மையாகச் சொன்னார்: வண்டியை நிறுத்தலாம், உள்ளே தூங்கலாம், நாற்காலி போட்டால் அது முகாம், அபராதம். நாற்காலியை மடக்க அவன் குனிந்தான். இடது கை பிடிக்கவில்லை, நழுவி அவர் பூட்ஸ் மேல் விழுந்தது. "பரவாயில்லை" என்று அவர்தான் எடுத்துக் கொடுத்தார். அன்று முழுக்க தம்பி பேசவில்லை.

நவம்பர் 13

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். திங்கட்கிழமை போன் செய்வார்களாம்.

எதற்கு போன்? நல்லதாக இருந்தால் கடிதத்திலேயே எழுதியிருக்க மாட்டார்களா? கெட்டதாக இருந்தால் நேரில் வரச் சொல்லியிருக்க மாட்டார்களா? இதையே மதியத்திலிருந்து அரைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று தடவை படித்தேன். "நரம்பு" என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. கிளிப் இன்று பதினோரு தடவை. போன வாரம் பதினான்கு என்று எனக்கு ஞாபகம். ஒருவேளை நான்தான் தப்பாக எண்ணினேனோ என்னவோ.

நவம்பர் 16, சனி

மத்தாரோவிலிருந்து மலை தாண்டினால் மோன்ட்மெலோ. குளிர். இந்த டிராக்கில் எட்டு வலது வளைவு, ஆறு இடது. டயரின் இடது பக்கம் சூடாக நேரமாகும், அதனால் ஐந்தாவது வளைவில்தான் கவனம் என்றான். மே மாதம் இங்கே ஸ்பிரிண்டில், அதாவது சனிக்கிழமை நடக்கிற சின்னப் பந்தயத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்த பன்யாயா, கடைசிச் சுற்றில் அந்த வளைவில்தான் விழுந்தார். செட்டிபாளையம் கரி டிராக் வேலியில் தொங்கிக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்த அதே குரல்.

ஸ்பிரிண்டில் பன்யாயா முதல், மார்ட்டின் மூன்றாவது. வித்தியாசம் 19. "நாளைக்கு மார்ட்டின் ஒன்பதாவது வந்தா போதும்க்கா. ஒன்பதாவது!" ராத்திரி சாப்பிடும்போது சொன்னான். படுக்கும்போது சொன்னான். விளக்கை அணைத்த பிறகும் சொன்னான்.

நவம்பர் 17

24 சுற்று. வண்டிகள் கடக்கும்போது சத்தம் காதில் இல்லை, விலா எலும்பில் கேட்கிறது. பன்யாயா முதலிலிருந்து விடவேயில்லை. மார்ட்டின் மூன்றாவது இடத்தில், எதையும் முயற்சி செய்யாமல், யாரோடும் மோதாமல். பட்டத்துக்கு அவருக்கு அது போதும். மொத்தப் புள்ளி 508, பன்யாயாவுக்கு 498. பைக் செய்கிற கம்பெனியின் சொந்த அணியில் இல்லாத ஒருவர் மோட்டோ ஜிபி என்று பேர் வந்த 2002க்குப் பிறகு பட்டம் வாங்குவது இதுதான் முதல் தடவை.

எங்கள் வரிசையில் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். தம்பி வலது கையால் தொடையில் தட்டினான். பக்கத்தில் இருந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, தானும் தொடையில் தட்ட ஆரம்பித்தார்.

திரும்பி வரும் வழியில், "பதினோரு ரேஸ் ஜெயிச்சிருக்கான்க்கா பன்யாயா. பதினொண்ணு. அப்புறமும் தோத்துட்டான்" என்றான். நான் கியரை மாற்றினேன்.

நவம்பர் 18

மதியம் 12க்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும். கிளிப்பை அவன் பையில் போட்டுக்கொண்டான். வண்டிக்காரர்களுடையதுதான், கேட்க மனசு வரவில்லை. போன் மேசைமேல் சார்ஜில் இருக்கிறது. மணி 10:40. நான் கேசட்டைக் காலி செய்துவிட்டு வருகிறேன்.