பழைய இரும்பு இழைப்புளிக்கு உயிர் கொடுக்கலாம்

சென்னை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பு இழைப்புளி (தச்சர்கள் பலகை இழைக்கும் கருவி) கிடைத்தால் துருவைப் பார்த்து ஒதுக்காதீர்கள். துரு போய்விடும். அடித்தகட்டில் அலகு வெளிவரும் வாயைச் சுற்றி விரிசல் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பு விரிசலை வீட்டில் சரிசெய்வது நடக்காத காரியம்.

கழற்றி, வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். நாள்கணக்கில் விட்டால் அமிலம் இரும்பையே அரிக்கும். எடுத்ததும் தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, துடைத்து, உடனே எண்ணெய். தாமதித்தால் கண்ணெதிரே மறுபடி துரு பூக்கும்.

அடியைச் சமமாக்க, தடித்த கண்ணாடி மேல் 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120, 220. அலகைத் திரும்ப மாட்டி, முனை வெளியே நீட்டாதபடி உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கழற்றாதீர்கள். அதை இறுக்கிப் பிடிக்கும்போது உடல் லேசாக வளையும். அந்த வளைவோடு சமமாக்கினால்தான் வேலையின்போதும் சமமாக நிற்கும்.

அலகுக்கு 25 டிகிரி சரிவு. கிரைண்டரில் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள், முனை நீலமானால் பதம் போச்சு. முதுகுப்பக்கத்தையும் முனையருகே தட்டையாக்குங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தேக்குப் பலகையில் முழுநீளச் சுருள் உருண்டு வரும்போது வரும் சந்தோஷம் புதுக்கருவியில் கிடைக்காது! சுருள் வாயில் அடைத்தால், அலகின் மேலுள்ள தகடு சரியாக ஒட்டவில்லை. அதன் விளிம்பைத் தேய்த்து, முனைக்கு 1 மி.மீ. பின்னால் வையுங்கள்.