மூக்கு நுனியில் ஒரு கொப்புளம்

ஒரு திங்கட்கிழமை காலையில், ஒரே மருத்துவமனைக்கு, ஒரே நோயாளிக்காக எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தொலைபேசி அழைப்புகள் போயின. இரண்டையும் எடுத்துப் பேசியவர் அதே வரவேற்பாளர்தான். நான் பேசியதற்குப் புதன்கிழமை மாலை 6.30 மணி கிடைத்தது. இருபது நிமிடம் கழித்து அக்கா பேசியதற்கு அன்றைக்கே முற்பகல் 11.40 கிடைத்தது. அக்கா யாருடைய சிபாரிசையும் சொல்லவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அந்த இரண்டையும் செய்து பார்த்தவன் நான்.

அம்மாவுக்கு வயது 68. சனிக்கிழமை மாலையிலிருந்தே நெற்றியின் வலப்பக்கம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். ஞாயிறு காலையில் எரிந்த இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. இரவுக்குள் தடிப்புகள் சிறு சிறு நீர்க்கொப்புளங்களாகிவிட்டன. மறுநாள் 8.30-க்கு மருத்துவமனை திறக்கும் என்பதால், 8.29-லிருந்தே நான் அழைக்கத் தொடங்கினேன். பதினோராவது முயற்சியில்தான் மறுமுனையில் மணி ஒலித்தது. அதற்குள் எனக்குள் ஏறியிருந்த எரிச்சலுக்கும் அந்த வரவேற்பாளருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது இப்போது புரிகிறது, அப்போது புரியவில்லை.

“இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், ரொம்ப அவசரம்.”

“யாருக்கு சார்? என்ன பிரச்சினை?”

“அம்மாவுக்கு. அதை டாக்டரிடமே சொல்லிக்கொள்கிறேன்.”

“கொஞ்சம் சொன்னால்தான் சார் எப்போது போடுவது என்று பார்க்க முடியும்.”

“முகத்தில் ஏதோ அலர்ஜி மாதிரி இருக்கிறது. டாக்டருக்கு எங்களை நன்றாகத் தெரியும், பெயரைச் சொல்லிப் பாருங்கள்.”

“புதன்கிழமை மாலை 6.30-க்கு ஓர் இடம் இருக்கிறது. போடட்டுமா சார்?”

இதைத் திரும்பப் படிக்கும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நான் கொடுத்த விடையில் அம்மாவின் வயது இல்லை, வலி இல்லை, கொப்புளம் இல்லை, எத்தனை நாளாக என்பதும் இல்லை. இருந்தவை மூன்றுதான்: ‘அவசரம்’ என்ற சொல், நானாகவே கண்டுபிடித்த ‘அலர்ஜி’ என்ற நோய், டாக்டருக்கு எங்களைத் தெரியும் என்ற மிடுக்கு. முதலாவதைக் காலையில் அழைக்கிற எல்லோரும் சொல்கிறார்கள், ஆகவே அதற்கு எடை கிடையாது. மூன்றாவது அவரை எரிச்சலூட்டியிருக்கும், அவ்வளவுதான். உண்மையில் எங்களைப் புதன்கிழமைக்குத் தள்ளியது இரண்டாவதுதான். அலர்ஜி இரண்டு நாள் பொறுக்கும் என்று அவர் முடிவு செய்திருந்தால், அந்த முடிவுக்கான காரணத்தை அவர் கையில் கொடுத்தவன் நானே.

நான் போனை வைத்துவிட்டு வரவேற்பாளர்கள் என்ற இனத்தையே திட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு அவரே அழைத்தார். அவர் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: “அம்மாவுக்கு 68 வயது. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து நெற்றியில் வலப்பக்கம் மட்டும் எரிச்சலான வலி. நேற்றுக் காலையில் அதே இடத்தில் தடிப்பு வந்தது, இப்போது நீர்க்கொப்புளமாக இருக்கிறது. நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் இருக்கிறது. வலது கண் சிவந்திருக்கிறது, வெளிச்சம் கூசுகிறது என்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.” மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். “லைனிலேயே இருங்கள் மேடம், நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்” என்று வரவேற்பாளர் சொன்னது எனக்கும் கேட்டது. ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தவர், 11.40-க்கு வந்துவிடச் சொன்னார்.

அது அக்கி. அம்மா அறைக்குள் நுழைந்து உட்காருவதற்குள்ளாகவே மருத்துவர் மூக்கு நுனியைத்தான் பார்த்தார். நெற்றிக்கும் கண்ணுக்கும் போகிற நரம்பின் ஒரு கிளையே மூக்கு நுனிக்கும் போகிறது என்பதால், அங்கே கொப்புளம் வந்தால் கண்ணும் பாதிக்கப்படக்கூடும் என்பதற்கு அது முன்னறிவிப்பு என்று விளக்கினார். 19-ஆம் நூற்றாண்டில் ஜோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் கவனித்துச் சொன்ன அறிகுறி இது. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தடிப்பு தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கண்ணைத் தொட்ட அக்கிக்கு அதற்குப் பிறகும் மருந்து தருவார்கள் என்றாலும், தாமதிக்க விரும்ப மாட்டார்கள். ஞாயிறு காலையிலிருந்து கணக்கிட்டால் எங்கள் 72 மணி நேரம் புதன்கிழமை காலையோடு முடிகிறது. நான் வாங்கி வைத்திருந்த இடமோ புதன் மாலை 6.30.

அக்காவுக்கு ஹட்சின்சனையும் தெரியாது, நரம்பின் கிளையையும் தெரியாது. கண்ணால் பார்த்ததை, விடாமல், சேர்க்காமல் சொன்னார். வரவேற்பாளரும் நோயைக் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. தன்னால் முடிவெடுக்க முடியாத ஒன்று இதில் இருக்கிறது என்று கண்டுகொண்டு, முடிவெடுக்கக்கூடியவரிடம் கொண்டுபோனார். அவருடைய வேலையில் மிக முக்கியமான பகுதி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று காத்திருப்பு அறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வரவேற்பு மேசைக்கு நேர் எதிரே இடம் கிடைத்ததால், காலையில் நான் திட்டியவரை முழுதாகப் பார்க்க முடிந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, முன்னால் நிற்பவரிடம் பேனாவால் நாற்காலியைக் காட்டிக்கொண்டிருந்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. சிவப்பு மையில் தடித்த எழுத்தில் சில வரிகள், ஓரம் சுருண்டு பழுத்திருந்தது. மருந்துச்சீட்டு வாங்கப் போனபோது தலைகீழாகப் படித்துப் பார்த்தேன்: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் விழுதல், கண்ணில் அல்லது கண்ணருகே எதுவானாலும், 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல். அக்காவின் விவரிப்பு அந்தத் தாளின் ஒரு வரியில் போய் உட்கார்ந்திருக்கிறது. என்னுடைய ‘அவசரம்’ எந்த வரியிலும் உட்காரவில்லை.

நாங்கள் இருந்த அந்த நேரத்துக்குள் இரண்டு பேர் அவரிடம் தொலைபேசியில் கத்தினார்கள். கத்துகிறார்கள் என்பது அவர் கருவியைக் காதிலிருந்து அரை விரற்கடை தள்ளிப் பிடித்ததிலிருந்து தெரிந்தது.

அறிகுறியைக் கேட்டு வரிசைப்படுத்துவது ஏதோ ஒரு மேசைக்காரரின் அதிகாரம் அல்ல, மருத்துவத்தின் பழைய ஒழுங்கு. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, காயம்பட்டவர்களில் மிக ஆபத்தான நிலையில் இருப்பவரையே முதலில் கவனிக்க வேண்டும், பதவியையும் அந்தஸ்தையும் பார்க்கக் கூடாது என்று வற்புறுத்தினார். படைத்தலைவனும் சிப்பாயும் ஒரே வரிசை. (டாக்டருக்கு எங்களைத் தெரியும் என்று நான் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.) 1990-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் உருவாக்கப்பட்டு, பிறகு பல நாடுகளின் அவசரப் பிரிவுகளுக்குப் பரவிய முறையில் ஐந்து நிறங்கள் உண்டு: சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு என்றால் 10 நிமிடம், மஞ்சள் என்றால் 60, பச்சை என்றால் 120, நீலம் என்றால் 240. அந்த முறையில் கவனிக்க வேண்டியது, நோயாளிக்கு என்ன நோய் என்று அது தொடங்குவதில்லை என்பது. என்ன தொந்தரவோடு வந்தார் என்றுதான் தொடங்குகிறது. அதை இயக்குபவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். சிறு மருத்துவமனையின் வரவேற்பாளருக்கு அந்தப் பயிற்சி பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரு தாளும் அனுபவமும் இருக்கும். அதனாலேயே நாம் கொடுக்கும் விவரம் அவருக்கு இன்னும் தேவைப்படுகிறது.

காலை நேரத்தில் இணைப்பே கிடைக்காததற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் 1909-இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் வரிசைகளைப் பற்றிய கணிதம் வளர்ந்தது. அதன் எளிய வடிவத்தின்படி, ஒருவர் தம் நேரத்தில் 80 விழுக்காடு வேலையாக இருந்தால், புதிதாக வருபவர் சராசரியாக நான்கு ஆளுக்கான நேரம் காத்திருக்க நேரும். அது 95 விழுக்காடு ஆகிவிட்டால் பத்தொன்பது ஆளுக்கான நேரம். சில மருத்துவமனைகளில் ஒவ்வொரு நாளும் சில இடங்களை யாருக்கும் தராமல் ஒதுக்கி வைப்பது இதனால்தான். ‘இடமே இல்லை’ என்று சொல்கிறவரிடம் உண்மையிலேயே இடம் இருக்கலாம். அது இன்னும் அழைக்காத ஒருவருக்காகக் காத்திருக்கிறது. அந்த ஒருவர் நாம்தானா என்பதை அவர் அறிவதற்கு, கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இப்போதெல்லாம் அழைப்பதற்கு முன் ஒரு தாளில் நாலைந்து வரி எழுதிக்கொள்கிறேன். யாருக்கு, என்ன வயது, எங்கே என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது, ஏற்கெனவே என்ன நோய்க்கு என்ன மருந்து. கடைசியிலிருந்து இரண்டாவதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். பத்து நாளாக இருமல் என்பது ஒன்று. பத்து நாளாக இருமல், நேற்றிரவிலிருந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது என்பது முற்றிலும் வேறு. நோயின் பெயரை நான் சொல்வதில்லை. மிகைப்படுத்துவதும் இல்லை, இல்லாத நெஞ்சு வலியைச் சொன்னால் ஆம்புலன்ஸை அழையுங்கள் என்பார்கள், அது நியாயமான பதில். உண்மையாகவே நெஞ்சு வலியோ, வாய் கோணுதலோ, பேச்சுக் குழறலோ இருந்தால் அப்பாயின்ட்மென்ட் கேட்டு நிற்பதே பிழை. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் மருந்து கொடுக்கும் காலம் பொதுவாக 4.5 மணி நேரம். வரவேற்பு மேசையின் வரிசையில் அதைச் செலவழிக்கக் கூடாது.

சொல்லக் கூசுகிற தொந்தரவுகள் தனிச் சிக்கல். காத்திருப்பு அறையில் பத்துப் பேர் கேட்க எப்படிச் சொல்வது என்று தயங்கி, ‘வயிற்று வலி’ என்று மாற்றிச் சொல்லிவிடுகிறோம். பதின்ம வயதுப் பையனுக்கு விரை முறுக்கிக்கொள்வது அப்படிப்பட்ட ஒன்று. சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அந்த விரையை இழக்கும் அபாயம் விரைவாகக் கூடுகிறது. நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய நோய் அது, ஆனால் வெட்கத்தால் மறுநாள் மாலைக்கு ‘வயிற்று வலி’யாகப் பதிவாகிவிடக்கூடும். முழு விவரமும் சொல்லத் தேவையில்லை. “அந்தரங்கமான இடத்தில் திடீரென்று கடும் வலி, ஒரு மணி நேரமாக, வாந்தியும் இருக்கிறது” என்றால் போதும். வெளிப்படையாகப் பேச முடியவில்லை, நர்ஸிடம் பேசலாமா என்று கேட்கலாம். தாளில் எழுதி நீட்டலாம். அந்தத் தாளை உரக்கப் படிக்கும் வரவேற்பாளரையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் கடுமையானவர்களும் அலட்சியமானவர்களும் இல்லை என்று சொல்லிவிட நான் தயாராக இல்லை.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லியும் ‘அடுத்த வாரம்தான்’ என்று பதில் வந்ததும் உண்டு. வேறொரு மருத்துவமனையில், எனக்கே, காதுக்குப் பின்னால் வீங்கிக் காய்ச்சலும் இருந்தபோது. அன்று நான் சண்டை போடவில்லை, விட்டுவிடவும் இல்லை. “முடிவு உங்களுடையது இல்லை என்று எனக்குத் தெரியும், இதை அப்படியே டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லிவிட்டு என்னை அழைக்க முடியுமா? எத்தனை மணிக்குள் எதிர்பார்க்கட்டும்?” என்று கேட்டேன். சொன்ன நேரத்துக்கு அழைப்பு வரவில்லை. நானே அழைத்து, காலையில் சொன்னதைக் குறித்து வைத்தார்களா என்று கேட்டேன். குறிக்கவில்லை. மறுபடி சொன்னேன், இந்த முறை எழுதுகிற ஓசை கேட்டது, மாலையில் கூப்பிட்டார்கள். பொறுப்பை மேலே கடத்தச் சொல்வது, நேரம் கேட்பது, எழுதவைப்பது: இந்த மூன்றும் கத்துவதைவிட அதிகம் பலித்திருக்கின்றன. அடுத்த வாரத்துக்குள் மோசமானால் எந்த அறிகுறிக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்பதும் பயன்பட்டிருக்கிறது, ஏனென்றால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அவர் உள்ளே போய் யாரையாவது கேட்டாக வேண்டியிருக்கிறது.

அம்மா 7 நாட்கள், நாளைக்கு 5 வேளை, அசைக்ளோவிர் மாத்திரை சாப்பிட்டார். கண் மருத்துவரும் பார்த்தார். விழிப்படலத்தில் சிறு பாதிப்பு தொடங்கியிருந்தது, சரியாகிவிட்டது. நெற்றி வலி மட்டும் சில வாரங்கள் மிச்சம் இருந்தது. மறுபரிசோதனைக்குப் போனபோது நான் வரவேற்பு மேசையில் அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவு வரவில்லை, பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்தார். என் பின்னால் நின்ற அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நிமிர்ந்து பார்த்தவர் உடனே, “மூக்கு நுனி மேடம்தானே? காய்ந்துவிட்டதே!” என்றார்.