கார், பிசானம், ஒரு மேக்ரோ

திருநெல்வேலிச் சீமையில் நெல்லுக்குக் கார், பிசானம் என்று இரண்டு பட்டம். பாளையங்கோட்டையில் ஆய்வு மாணவர்களுக்கு ஸ்டேட்டா என்னும் புள்ளியியல் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கையில், வரிசைக்கு ஒரு வயலாக வைத்து, இந்த இரண்டு போக விளைச்சலையும் இரு மாறிகளாகக் கொடுத்துத்தான் மேக்ரோ பாடத்தைத் தொடங்குவேன். மேக்ரோ என்பது சில எழுத்துகளுக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர். மேக்ரோ எங்கே காலை வாரிவிடும் என்பது இதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

மொத்தம் என்று ஒரு லோக்கல் மேக்ரோ (அந்த ஓட்டத்துக்கு மட்டும் இருக்கும் மேக்ரோ) வைத்து, சமக்குறி இல்லாமல் கார் + பிசானம் என்று அதற்குக் கொடுக்கிறோம். அடுத்த வரியில் அந்த மேக்ரோவை இரண்டால் வகுத்துச் சராசரியைக் கேட்கிறோம். காரில் 40 மூட்டையும் பிசானத்தில் 60 மூட்டையும் கண்ட வயலுக்கு 50 வர வேண்டும். திரையில் வருவதோ 70. கட்டளையைப் பொருள்கொள்ளத் தொடங்கும் முன்பே ஸ்டேட்டா மேக்ரோவின் பெயரை எடுத்துவிட்டு, அதற்கென வைத்த எழுத்துகளை அந்த இடத்தில் அப்படியே ஒட்டிவிடுகிறது. ஆகவே அது படிக்கும் வரி கார் + பிசானம்/2 என்பதுதான். பிசானம் மட்டும் பாதியாகிக் காரோடு கூடுகிறது.

சமக்குறி போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் வைத்தியம் சொல்வார்கள். சமக்குறி இருந்தால் கோவை, அதாவது கார் + பிசானம் என்ற கணக்கு, அப்போதே கணக்கிடப்பட்டு விடை மட்டும் மேக்ரோவில் சேரும் என்பது உண்மைதான். ஆனால் கோவையில் மாறியின் பெயர் வந்தால் முதல் வரிசையின் மதிப்பையே ஸ்டேட்டா எடுத்துக்கொள்வதால், எல்லா வயலுக்கும் முதல் வயலின் சராசரியே விழும். வைத்தியம் நோயைவிட மோசம் என்பேன். செய்ய வேண்டியது, மேக்ரோவுக்குள்ளேயே கோவையை அடைப்புக்குறிக்குள் வைப்பது. மேக்ரோவில் -2 என்று வைத்து அதை வர்க்கப்படுத்தினால் -4 வருவதும் இதே காரணத்தால்தான்; அங்கும் அடைப்புக்குறியே துணை.

பெயரை எழுத்துப்பிழையோடு எழுதினால் வருவது இன்னும் கள்ளத்தனமான சங்கடம். இல்லாத மேக்ரோவுக்குப் பதிலாக ஸ்டேட்டா வெற்றிடத்தை ஒட்டிவிட்டு, எச்சரிக்கை எதுவும் தராமல் மேலே போய்விடும். மழையளவையும் உரத்தையும் கட்டுப்பாட்டு மாறிகளாக ஒரு மேக்ரோவில் அடுக்கி, ரெக்ரஷன் (மாறிகளுக்கு இடையிலான தொடர்பை மதிப்பிடும் கணக்கு) வரியில் அதன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால், அந்த மாறிகள் இல்லாமலேயே ரெக்ரஷன் ஓடி, அழகான அட்டவணையும் வந்துவிடும். சாஸ் (SAS) என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளிலும் மேக்ரோ மாறி இதே ஒட்டுவேலைதான். ஆனால் அங்கே பெயர் கிடைக்காவிட்டால் லாகில், அதாவது ஓட்டப் பதிவில், ஓர் எச்சரிக்கை வரி விழும். அந்த மென்பொருளில் ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும் மேக்ரோ மாறி விரியாது, இரட்டை மேற்கோளுக்குள் விரியும்; வரைபடத் தலைப்பில் ஆண்டுக்குப் பதில் & குறியோடு மாறியின் பெயரே அச்சாகியிருந்தால் மேற்கோளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டேட்டாவில் சந்தேகம் வந்தால், மேக்ரோவை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து டிஸ்ப்ளே கட்டளை கொடுத்தால், ஒட்டப்படும் எழுத்துகள் கணக்கிடப்படாமல் அப்படியே திரைக்கு வரும். அந்த வரியையும் லோக்கல் வரியையும் சேர்த்தே தேர்ந்தெடுத்து ஓட்ட வேண்டும். தனித்தனியாக ஓட்டினால் முதல் ஓட்டம் முடிந்ததுமே லோக்கல் மறைந்துவிடும்.