ஆணி அவருக்கு, சுத்தியல் எனக்கு

கணவர் கட்டாரிலும் மனைவி மட்டக்களப்பிலும் இருந்தால் இருவருக்கும் பேச்சுத்தான் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. தினமும் குரல் கேட்கிறோம். குறைந்துபோவது சேர்ந்து செய்வதற்கான வேலை. ஒரே வீட்டில் வாழ்பவர்கள் மீன் வெட்டும்போதும் வளவு கூட்டும்போதும் தம் பேச்சில் அரைவாசியைப் பேசிவிடுகிறார்கள். எங்களுக்கோ சாப்பாட்டைப் பற்றியும் அம்மாவின் மருந்தைப் பற்றியும் அனுப்பிய காசைப் பற்றியும் கேட்டு முடித்ததும், இருவரின் கைகளுக்கும் நடுவில் எதுவுமே இருப்பதில்லை. அந்த வெற்றிடத்துக்குள் ஒரு வீடியோ கேம் வந்து அமர்ந்தது என்பதை, கேம் என்றால் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணுபவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அதன் பெயர் ‘இட் டேக்ஸ் டூ’. சுவீடனின் ஹேஸ்லைட் நிறுவனம் உருவாக்கி 2021 மார்ச் 26 அன்று வெளிவந்து, அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் என்ற விருதைப் பெற்றது. இயக்கியவர் ஜோசஃப் ஃபாரெஸ். பெய்ரூத்தில் பிறந்து, லெபனானின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் சிறுவனாகக் குடும்பத்தோடு சுவீடனுக்குச் சென்றவர். இதைத் தனியாக ஆட வழியே இல்லை. ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் ‘ஃபிரெண்ட்ஸ் பாஸ்’ என்ற வசதியால் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். வெளிநாட்டுச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

கதை விவாகரத்தின் வாசலில் நிற்கும் கோடி, மே என்ற தம்பதியரைப் பற்றியது. பிரியப்போகிறோம் என்று அவர்கள் சொன்னதும், மகள் ரோஸ் தான் செய்த இரண்டு பொம்மைகளோடு ஒளிந்திருந்து அழுகிறாள். அவளுடைய கண்ணீர் பட்டதும் தாயும் தகப்பனும் அந்தப் பொம்மைகளாகிவிடுகிறார்கள். கோடி களிமண், மே மரம். மறுபடி மனித உடலுக்குத் திரும்ப, தங்கள் வீட்டின் பட்டறையையும் முற்றத்து மரத்தையும் தோட்டத்தையும் விரல் அளவு உருவங்களாகக் கடந்து செல்ல வேண்டும்.

என்னைக் கட்டிப்போட்டது கதையைவிட வேலைப்பிரிப்புத்தான். கோடியாக ஆடுவது என் கணவர், மேயாக ஆடுவது நான். பட்டறையில் கோடிக்கு ஆணிகள், மேக்குச் சுத்தியல் தலை. அவர் ஆணியை எறிந்து எதிர்ச்சுவர்ப் பலகையில் குத்த வேண்டும். நான் அந்த ஆணியில் சுத்தியலைக் கொழுவி ஊஞ்சலாடி அப்பால் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள கண்ணாடிப் போத்தலை நான் உடைத்தால்தான் அவருக்குப் பாதை திறக்கும். ஆணியை அவர் விசிலடித்துத் திரும்ப அழைக்கலாம். நான் தொங்கிக்கொண்டிருக்கும்போது அழைத்தால் நான் விழுவேன். ஆகவே ஒவ்வொரு எறிதலுக்கும் பேச்சு வேண்டியிருக்கிறது. “இஞ்சாருங்க, இப்ப எறியுங்க.” “பொறும், மற்ற ஆணி இன்னும் கைக்கு வரல்ல.” ஆணி எறியாமல் நானோ சுத்தியல் இல்லாமல் அவரோ ஓரடி நகர முடியாது. அடுத்த இடத்துக்குப் போனால் ஆணியும் சுத்தியலும் பறிபோய், மரப்பிசினைப் பீச்சும் துப்பாக்கி அவருக்கும் தீக்குச்சி ஏவும் கருவி எனக்கும் கிடைக்கின்றன; அவர் பிசின் பூசிய இடத்தில் என் தீப்பட்டால் அது வெடிக்கிறது. பழகிய கையோடு இருந்துவிட அந்த கேம் யாரையும் விடுவதில்லை. இத்தனை ஆண்டுகளாக கேம் ஆடிவரும் எனக்கும், கெரம் போர்ட்டைத் தவிர வேறெதையும் ஆடியிராத அவருக்கும் இடையே இருந்த தூரத்தை அது இப்படித்தான் குறைத்தது.

புதிதாகத் தொடங்குபவருக்குக் கடினம் ஆணி எறிவதல்ல, பார்வையைத் திருப்புவது. இரு கைகளாலும் பிடித்து ஆடும் கொன்ட்ரோலரில் இடப்பெருவிரல் பொம்மையை நடத்துகிறது, வலப்பெருவிரல் அதன் பார்வையைத் திருப்புகிறது; பிறந்ததிலிருந்து ஒன்றாகச் செய்துவந்த இரண்டு காரியங்களை இரண்டு விரல்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அவருடைய பொம்மை நடக்கும், கண் மட்டும் கூரையைப் பார்க்கும். இந்த இடத்தில்தான் பல கேம்கள் புதியவரை வெறுக்க வைத்துவிடுகின்றன. இதில் விழுந்தால் இழப்பதற்கு எதுவுமில்லை; ஒரு பொத்தானை விடாமல் அழுத்தித் தட்டினால் சில நொடிகளில் உயிர் திரும்பிவிடும். பெரிய எதிரிகளோடு மோதும்போது இருவரும் ஒரே நேரத்தில் விழுந்தால் மட்டுமே சற்றுப் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். யார் எத்தனை முறை விழுந்தார் என்று எழுதிக்காட்டும் புள்ளிப்பலகையும் இல்லை. யாரோடும் ஒப்பிடப்படாமல் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, வளர்ந்தவர்களுக்கு வேறெங்கே கிடைக்கிறது?

திரை பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்தே இருக்கிறது. ஒரே அறையில் ஆடினாலும் இரண்டு நாடுகளிலிருந்து ஆடினாலும் அப்படித்தான். கல்லடியில் என் மேசையில் இருக்கும் திரையின் ஒரு பாதியில், அவர் தோஹாவில் எதைப் பார்க்கிறார், எங்கே தயங்கி நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பது அப்படியே தெரிகிறது. போனில் “களைப்பா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். இங்கே அவருடைய பொம்மை நின்ற இடத்திலேயே சும்மா நிற்கும்போது எனக்கே விளங்கிவிடும். அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுவோம்.

இடையிடையே இருவரையும் மோதவிடும் குட்டி விளையாட்டுகளும் வருகின்றன. அவற்றில் ஒன்று கயிறிழுத்தல். அதை ஆடும்போது எங்கள் பக்கத்துக் கண்ணகியம்மன் கோயில்களோடு ஒட்டிய கொம்புமுறி விளையாட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரியும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று மாட்டி, ஒன்று முறியும்வரை இரு சேரியினரும் வடம்பிடித்து இழுப்பார்கள். கணவன் மனைவியின் பிணக்கை ஊரே கையில் எடுத்து ஆடித் தீர்க்கும் அறிவு நம்மவர்களுக்கு முன்பே இருந்திருக்கிறது. நாங்கள் இழுத்தபோது எழுந்த சத்தத்தில் அம்மா அறைக்குள் எட்டிப்பார்த்து, “என்ன புள்ள, மருமகனோட சண்டையா?” என்று கேட்டார். மருமகன் ஸ்பீக்கரில் “ஓம் மாமி, தோக்கிறன்” என்றார்.

இந்த கேமில் எனக்கு ஏற்பில்லாத ஒன்றும் உண்டு. மகளை அழவைத்தால் மந்திரம் நீங்கும் என்று நம்பி, அவளுக்கு மிகப் பிடித்த யானைப் பொம்மையைப் பெற்றோர் இருவரும் இழுத்துச் செல்லும் இடம் வருகிறது. அது கெஞ்சுகிறது, போகும் வழியில் அதன் காலும் காதும் பிய்ந்துபோகின்றன. பொத்தானை இருவரும் அழுத்தாமல் கதை நகராது. தங்கள் சிக்கலில் மூழ்கிய பெற்றோர் பிள்ளையின் நோவைக் காணமாட்டார்கள் என்று காட்டவே அதை வைத்திருக்கிறார்கள் என்பது விளங்குகிறது. ஆனாலும் வகுப்பறையில் நாள்தோறும் பிள்ளைகளின் முகம் பார்க்கிறவள் என்ற முறையில், அந்தக் காட்சியை இவ்வளவு நீட்டியிருக்கத் தேவையில்லை என்றே சொல்வேன். அன்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாங்கள் நீண்ட நேரம் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசினோம். போனில் மட்டும் பேசியிருந்தால் அந்தப் பேச்சு எங்களிடையே எழுந்தே இருக்காது. ஹக்கீம் என்ற பேசும் புத்தகம் அடிக்கடி தோன்றி உபதேசம் செய்வதும் அளவுக்கு மிஞ்சியதுதான்.

தொடங்க விரும்பும் தம்பதியருக்குச் சில நடைமுறை விஷயங்கள். விசைப்பலகையை விட கொன்ட்ரோலரில் கற்பது எளிது. கட்டாரில் வெள்ளி விடுமுறை என்பதால் நாங்கள் வியாழன் இரவைப் பிடித்துக்கொண்டோம்; இங்கே 10.30 ஆகும்போது அங்கே 8 மணி. மாரி மழை தொடங்கினால் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே ரவுட்டருக்கு ஒரு சிறிய மின்கலம் அவசியம். ஆடும்போது போன் அழைப்பைத் துண்டிக்காமல் வைத்திருங்கள். பேச்சில்லாமல் இதை ஆடுவது இயலாத காரியம்.

அதே நிறுவனம் 2025 மார்ச்சில் ‘ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்’ என்ற அடுத்த கேமை வெளியிட்டிருக்கிறது. அறிவியல் புனைவு எழுதும் மியோவும் மாயக்கதை எழுதும் ஸோயியும் தத்தம் கதைகளுக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்கிறார்கள். அதை உடனே தொடங்கவேண்டும் என்கிறார் இவர். லீவில் வரும்வரை பொறுத்து, ஒரு முறையாவது பக்கத்தில் அமர்ந்து ஆடவேண்டும் என்கிறேன் நான். இன்னும் முடிவாகவில்லை.