நல்லா பேசுற பிள்ளைக்கு ஓட்டிசமான்னு கேட்டாங்க

ஒருவழியா மகனுக்கு ஓட்டிசம், லெவல் 1, அதாவது லேசானதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அழுகையும் வந்துச்சு, நிம்மதியாவும் இருந்துச்சு. மிட்வைஃப் மிஸ், எம்ஓஎச் (ஏரியா சுகாதார டொக்டர்) லெட்டர், காது டெஸ்ட் எல்லாம் சுலபமா முடிஞ்சிருச்சு. அதுக்குப் பிறகுதான் அலைச்சல்.

டவுன் ஆஸ்பத்திரியில முதல்ல பார்த்தவங்க "பேர் கேட்டா டக்குனு சொல்றான், இவனுக்கு என்ன, வெறும் பிடிவாதம், போன குடுக்காதீங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அவன் பேசுவான்தான். கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடைன்னு ட்ரெயின் ஸ்டேசன் எல்லாம் வரிசையா நானுஓயா வரைக்கும் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுவான், ஆனா ஸ்கூல்ல யாரு கூட வெளயாண்டன்னு கேட்டா பதிலே வராது. லேசான ஓட்டிசம் அப்படித்தான் இருக்கும், அஞ்சு நிமிசத்துல தெரியாது.

அடுத்த தடவை சிங்களத்துல கேள்வி கேட்டாங்க. எங்க தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு சிங்களம் எங்க தெரியும், பேசாம இருந்தான், உடனே பேச்சு தாமதம்னு எழுதிட்டாங்க!! தமிழும் அரசகரும மொழிதான், தமிழ் தெரிஞ்சவங்கள வச்சு கேளுங்கன்னு பயப்படாம சொல்லுங்க. நான் சொன்ன பிறகுதான் ஒரு நர்ஸ கூப்பிட்டாங்க.

அப்புறம் ஒரு நாள் காலையில இருந்து பெஞ்சுல உக்கார வச்சுட்டு, ஸ்கூல் லெட்டர் இல்லாம உள்ள விட முடியாதுன்னு கவுண்டர்ல சொன்னாங்க. இத முன்னமே யாருமே சொல்லல. எனக்கு அன்னிக்கு தோட்டத்துல பேரும் (ஒரு நாள் சம்பளம்) போச்சு, பஸ் காசும் போச்சு.

ஆனா அந்த லெட்டர்தான் கடைசில எல்லாத்தையும் மாத்துச்சு. ஓட்டிசத்த கண்டுபிடிக்க ரத்த டெஸ்டோ ஸ்கேனோ கெடையாது, சின்ன வயசுல இருந்து எப்படி இருந்தான், வீட்லயும் ஸ்கூல்லயும் எப்படின்னு கேட்டு, பிள்ளைய பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. டீச்சர் ஒரு பக்கம் எழுதிக் குடுத்தாங்க, இன்டர்வெல்ல தனியா நிக்கிறான், பெல் அடிச்சா காத பொத்துறான், இடம் மாத்துனா அழுறான்னு. நான் போன்ல எடுத்த வீடியோவையும், எத்தன வயசுல நடந்தான் பேசுனான்னு இருக்குற கிளினிக் புத்தகத்தையும் காட்டுனேன். தமிழ் தெரிஞ்ச டொக்டர் ரொம்ப நேரம் அவன்கூட வெளயாடிப் பார்த்தாரு. நல்லா பேசுற இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு முன்ன அஸ்பர்கர்னு தனியா சொன்னதையும் 2013ல இருந்து ஓட்டிசத்துக்குள்ளதான் சேர்த்திருக்காங்கன்னு அவர்தான் சொன்னாரு.

ரிப்போர்ட்ட கையில வாங்குன உடனே போட்டோகொப்பி எடுத்து வச்சுக்கோங்க, ஸ்கூல், ஸ்பீச் கிளினிக் எல்லா இடத்திலயும் கேக்குறாங்க.