ஜீன்ஸ் போட்ட புனிதரும் ஒட்டுப்போட்ட அங்கியும்

இத்தாலியில் புனித பிரான்சிஸ் பிறந்த அசிசி நகருக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் நேராக அவர் பேராலயத்துக்குத்தான் போவார்கள். இப்போது இளைஞர் கூட்டம் வேறு பக்கம் திரும்புகிறது. ஆயர் (பிஷப்) இல்லத்தை ஒட்டி சாந்தா மரியா மஜ்ஜோரே என்றொரு பழைய கோயில் இருக்கிறது. 15 வயதில் இறந்து, அண்மையில் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குதிஸின் கல்லறை அங்கேதான். நாங்களும் முதலில் அங்கேதான் போனோம்.

கார்லோவுக்கு முன்பே அந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. 1206 வாக்கில், துணி வியாபாரி பெர்னார்தோனே தன் மகன் பிரான்சிஸை ஆயர் முன்னால் இழுத்து வந்து, 'என் காசைத் திருப்பிக் கொடு' என்று வழக்கு வைத்தார். மகன் காசை மட்டுமல்ல, உடுத்தியிருந்த துணியையும் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு நின்றான். ஆயர் தன் மேலாடையால் அவனைப் போர்த்தினார். அந்த நினைவாகத்தான் 2017இல் இந்தக் கோயிலைத் திருத்தலமாக அறிவித்தார்கள். 2019இல் கார்லோவின் உடலை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவர் உடையைக் களைந்த இடத்தில், இன்னொருவர் ஜீன்ஸும் விளையாட்டுச் சட்டையும் நைக்கி ஷூவுமாகக் கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கிறார்.

நான் கவனித்தது ஷூவைத்தான். புனிதர்கள் என்றாலே நமக்கு அங்கி, முக்காடு, கையில் லீலி மலர். இங்கே இந்தக் காலத்துப் பையன் எவனும் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு ஜோடி. விரல்களில் செபமாலை. எனக்கு முன்னால் நின்ற ஒரு சிறுவன் தன் காலையும் அவர் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா முழந்தாளிட்டு அழுதுகொண்டிருந்தார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'கார்லோவின் உடல் அழியவே இல்லை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது உண்மையில்லை. 2020இல் கல்லறையைத் திறந்து காட்டியபோது அசிசி மறைமாவட்டமே விளக்கம் சொன்னது: உடல் இயல்பான மாற்றங்களை அடைந்திருந்தது, முகம் சிலிக்கோனால் வடிவமைக்கப்பட்டது. திருச்சபையே ஒளிக்காத ஒன்றை நாம் ஏன் ஊதிப் பெரிதாக்க வேண்டும்? விசுவாசத்துக்காகப் பேசுகிறேன் என்று பொய்ச் செய்தியை அனுப்பிவிட்டு, அது பொய் என்று நண்பன் கண்டுபிடித்தால், அடுத்து நாம் நற்கருணை பற்றி, அதாவது திருப்பலியில் (பூசையில்) தரும் அப்பத்தில் இயேசு இருக்கிறார் என்று சொல்வதையும் அவன் அதே கண்ணோடுதான் பார்ப்பான்.

கார்லோவின் வாழ்க்கைக்கு அந்த மெருகு தேவையும் இல்லை. 1991இல் லண்டனில் பிறந்து மிலானில் வளர்ந்தவர். தினமும் திருப்பலி, செபமாலை. மிச்ச நேரம் பள்ளிக்கூடம், நண்பர்கள், கணினி. உலகெங்கும் நடந்ததாகத் திருச்சபை ஏற்றுக்கொண்ட நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் போட்டார். 2006 அக்டோபரில், 15 வயதில், ரத்தப் புற்றுநோயில் இறந்தார். 2025 செப்டம்பர் 7ஆம் தேதி திருத்தந்தை 14ஆம் லியோ அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர்கள் வீட்டில் வேலைபார்த்த மொரீசியஸ்காரர் ஒருவர், இந்துவாகப் பிறந்தவர், இந்தப் பையன் வாழ்ந்ததையும் பேசியதையும் பார்த்து, தானே விரும்பித் திருமுழுக்குப் பெற்றார்.

அடுத்து மேட்டுத் தெரு ஏறி இறங்கி, பிரான்சிஸின் சீடரான புனித கிளாராவின் பேராலயம். 'என் வீட்டைச் செப்பனிடு' என்று பிரான்சிஸிடம் பேசியதாகச் சொல்லப்படும் சிலுவை அங்கே தொங்குகிறது. கூட்டம் நெருக்கியதால் அதிகம் நிற்க முடியவில்லை.

பிரான்சிஸ் பேராலயத்தின் மேல்கோயிலில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் 28 சுவரோவியங்கள் இருக்கின்றன. 1997 நிலநடுக்கத்தில் இந்தக் கோயிலின் கூரைப் பகுதி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். விழுந்த கூரை ஓவியங்களின் சில்லுகளைப் பொறுக்கி, பொறுமையாக ஒட்டியிருக்கிறார்கள். சுவரோவியங்களில் நான் தேடிப்போனது சுல்தான் காட்சியை. 1219இல், சிலுவைப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பிரான்சிஸ் எகிப்தில் சுல்தான் அல்-காமிலின் பாளையத்துக்குப் போனார். ஓவியத்தில் நெருப்பு எரிகிறது, அதில் இறங்கத் தயார் என்று பிரான்சிஸ் நிற்கிறார். அந்த நெருப்புச் சோதனையை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. ஆனால் சந்திப்பு நடந்தது, உயிரோடு திரும்பினார்.

திரும்பி வந்தபின், 1221இல் தன் சபைச் சகோதரர்களுக்கு எழுதிய ஒழுங்குமுறையின் 16ஆம் அதிகாரம்தான் எனக்கு முக்கியம். வேற்று மதத்தார் நடுவே வாழப்போகிறவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, சண்டையோ வாக்குவாதமோ செய்யாமல், கடவுளுக்காக எல்லோருக்கும் பணிந்து, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று ஒளிக்காமல் வாழ்வது. இன்னொன்று, கடவுளுக்கு விருப்பம் என்று கண்டால் வாய் திறந்து அறிவிப்பது. 'எப்போதும் நற்செய்தியை அறிவி, தேவைப்பட்டால் சொற்களைப் பயன்படுத்து' என்று பிரான்சிஸ் சொன்னதாகப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் எழுத்துகளில் எங்கும் அது இல்லை. பேசப் பயப்படுகிற நமக்கு அது ரொம்ப வசதியான மேற்கோள். அவ்வளவுதான்.

அப்படிப் பேச வேண்டிய இடம் நமக்கு அலுவலகம்தான். கத்தோலிக்கர் என்று தெரிந்தால் அங்கே வருகிற கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மரியாளை ஏன் கும்பிடுகிறீர்கள்? பாவத்தை ஏன் இன்னொரு மனிதனிடம் போய்ச் சொல்ல வேண்டும்? குருக்கள் சிறுபிள்ளைகளுக்குச் செய்த கொடுமைக்கு என்ன சொல்கிறீர்கள்? முதல் இரண்டுக்கும் திருச்சபையின் மறைக்கல்வியில் தெளிவான பதில் இருக்கிறது, படித்து வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதற்குச் சப்பைக்கட்டு கட்டக்கூடாது. நடந்தது குற்றம், மூடி மறைத்தது அதைவிடப் பெரிய குற்றம் என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறமும் நான் ஏன் திருப்பலிக்குப் போகிறேன் என்பதைச் சொல்ல முடிந்தால் சொல்ல வேண்டும். புனித பேதுருவும் தம் முதல் திருமுகத்தில், கேட்கிறவர்களுக்கு விடையளிக்க ஆயத்தமாய் இருங்கள் என்பதோடு, பணிவோடும் மரியாதையோடும் என்று சேர்த்தேதான் எழுதுகிறார். முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் ஏராளம்.

கீழ்க்கோயில் வழியாகப் போனால் பிரான்சிஸின் அங்கியைப் பார்க்கலாம். சாம்பல் நிறம், ஒட்டின் மேல் ஒட்டு. கார்லோவின் ஷூவைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பது நல்ல வரிசை.

ரயில் நிலையம் கீழே சமவெளியில், சாந்தா மரியா தெல்யி ஆஞ்சலி பேராலயத்துக்குப் பக்கத்தில். அந்தப் பிரம்மாண்டமான கோயிலுக்குள் போர்சியுங்கோலா என்ற சின்னஞ்சிறு கல் சிற்றாலயம் அப்படியே இருக்கிறது. பிரான்சிஸ் தன் கையால் செப்பனிட்டது. பக்கத்திலேயே பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, வரிசை. எங்கள் குழுவில் வந்த கல்லூரிப் பையன் வரிசையில் நின்றபடி கேட்டான்: "அண்ணா, சாப்பிடும் முன் சிலுவை அடையாளம் போட்டால் ஹாஸ்டலில் கிண்டல் பண்ணுகிறார்கள். என்ன சொல்வது?"

"போட்டுவிட்டுச் சாப்பிடு. ஏன் என்று கேட்டால் சொல்."

"கேட்க மாட்டார்கள். கிண்டல் மட்டும்தான்."

"அப்போ அவர்களோடு சிரித்துவிட்டுச் சாப்பிடு" என்றார் எங்களோடு வந்த ஃபாதர்.

அவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. ரயிலில் ஏறியதிலிருந்து கேள்விதான். இறந்தவர்கள் விண்ணகம் போகுமுன் தூய்மையாகும் உத்தரிக்கும் தலம் பைபிளில் எங்கே இருக்கிறது, பெண்கள் ஏன் குருவாக முடியாது, டைனோசர் எப்போது படைக்கப்பட்டது. ஃபாதர் இரண்டுக்குச் சொன்னார். மூன்றாவதற்குப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டார். பையன் என் பக்கம் திரும்பினான்.